டன்னிச்: கடல் கொண்ட ஊருக்கு இரண்டு உறுப்பினர்கள் எப்படி?

கேள்வி:
இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையிலுள்ள டன்னிச், இடைக்காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்து, பிறகு கடலரிப்பால் சிற்றூராகச் சுருங்கியது என்று படித்தேன். நகரமே ஏறத்தாழ அழிந்த பின்னும் 1832 வரை அது நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது எவ்வாறு? இன்று அவ்வூரை நிர்வகிப்பவர் யார்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஊர் சுருங்கியதற்கு அலை நிலத்தைத் தின்றதை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. 1286இல் வீசிய புயல் ஊரின் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போனது. ஆனால் 1328 புயலில் கூழாங்கற்கள் குவிந்து துறைமுக வாயே அடைபட்டதால், கப்பல்கள் வடக்கே வால்பர்ஸ்விக் பக்கம் திரும்பின, அவற்றோடு ஊரின் வருவாயும் போயிற்று. அதன்பின் தெருத்தெருவாக நிலம் சரிந்தது. அனைத்துப் புனிதர் ஆலயம் 1904 முதல் சிறிது சிறிதாகச் செங்குத்துக் கரையிலிருந்து விழுந்து, 1919இல் கோபுரமும் சாய்ந்தது. அதன் முட்டுச்சுவர் ஒன்று மட்டும் புனித ஜேம்ஸ் ஆலய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

மறுமொழி 2:
உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மக்கள்தொகையைப் பார்த்துத் தரப்பட்டதன்று. அரச சாசனம் பெற்ற நகரம் என்ற தகுதிக்கு உரியது. நிலம் கரைந்தாலும் அந்தத் தகுதி கரையவில்லை. 1831இல் அங்கே வாக்காளர்கள் வெறும் 32 பேர். அதே வேளையில் தொழில் நகரமான மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இதை அநீதி என்றே நான் கருதுகிறேன். 1832 சீர்திருத்தச் சட்டம் தொகுதியை நீக்கியது. நகராட்சி அமைப்போ 1886 வரை நீடித்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் இன்று கரையைக் காக்கும் பொறுப்பு ஊர் மக்களிடமா இருக்கிறது?

மறுமொழி 3:
இல்லை. பள்ளிகளும் சாலைகளும் சஃபோக் கவுண்டி கவுன்சிலிடமும், குப்பை அகற்றலும் கட்டட அனுமதியும் 2019இல் உருவான கிழக்கு சஃபோக் மாவட்ட கவுன்சிலிடமும் உள்ளன. அதற்கும் கீழே இருப்பதுதான் பாரிஷ் என்னும் ஊர் அளவிலான உள்ளாட்சி அமைப்பு. கரை அரிப்பைத் தடுக்கும் அதிகாரம், 1949ஆம் ஆண்டின் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட கவுன்சிலுக்கு உரியது. கவனிக்க வேண்டியது, அது அதிகாரம் மட்டுமே, கட்டாயக் கடமையன்று. எனவே எந்த இடத்தில் தடுப்பு கட்டுவது, எங்கே கடலின் போக்கில் விட்டுவிடுவது என்பதைச் செலவைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அரிப்பில் வீட்டை இழப்பவருக்குச் சட்டப்படி இழப்பீடு கோரும் உரிமையும் கிடையாது.