பேஸ்பாலில் மட்டை பிடித்த பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்): நீங்கள் நேரில் பார்த்தது
(சராசரி என்றால் பேட்டிங் முயற்சிகளில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு.)

மேல்வரிசை இருக்கை:
2016 மே 7, சான் டியேகோ. இரண்டாவது இன்னிங்ஸ், நியூயார்க் மெட்ஸ் அணிக்கு பார்டோலோ கோலோன் பேட்டிங் வருகிறார். "அப்பா, இவர் அடிப்பாரா?" என்று மகள் கேட்டாள். "இவர் பிட்சர்மா. லீக் சராசரி 0.255, இவருக்கு 0.100கூட இல்லை. வா, அதற்குள் சாப்பிட ஏதாவது வாங்கிவிடலாம்" என்று எழுப்பிக்கொண்டு போனேன். படியேறும்போது சத்தம். திரும்பினால் பந்து இடப்பக்கக் கூட்டத்துக்குள் போய்விட்டது. 42 வயதில் அவருடைய முதல் ஹோம் ரன்! மட்டையைக் கீழே போடாமல் முதல் பேஸ் கிட்டே வரை தூக்கிக்கொண்டே ஓடினார். வீடியோவில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினேனே, அது இன்னும் உறுத்துகிறது.

பீனிக்ஸ் வெயில்:
வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனால் மகளிடம் சொன்ன ஒப்பீடு சரியில்லை. பிட்சரைப் பிட்சர்களோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் லீக் முழுவதும் 0.244, பிட்சர்கள் மட்டும் 0.110. என் கதை 2017 சீசனின் முதல் நாள், அரிசோனா அணியின் சேஸ் ஃபீல்ட் மைதானம். எதிரணி சான் பிரான்சிஸ்கோவின் பிட்சர் பம்கார்னர் இரண்டு ஹோம் ரன் அடித்தார். சீசன் தொடக்க நாளில் எந்தப் பிட்சரும் அதற்கு முன் செய்யாதது. முதலாவது எங்கள் பிட்சர் க்ரைன்கியின் பந்தில். அவரே நன்றாக பேட்டிங் செய்யும் பிட்சர். அடி விழுந்ததும் எங்கள் வரிசையில் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் அரிசோனா 6-5 என்று ஜெயித்தது, ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த அமைதிதான்.

பழைய ஸ்கோர்கார்டு:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். பம்கார்னரின் மொத்த சராசரி 0.172தான், ஆனால் ஹோம் ரன் 19. பண்ட் அடித்து (பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு) பேஸில் நிற்கும் ரன்னரை நகர்த்திவிட்டு அவுட் ஆனால் அது சராசரிக் கணக்கிலேயே வராது. பேட்டிங்கில் பிட்சர்களின் வேலையில் பாதி அதுவாகத்தான் இருந்தது. அப்புறம், எந்தக் காலம் என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பிட்சர் வெஸ் ஃபெரெலின் சராசரி 0.280. இன்றைக்கு அது பிரமாதம். அவர் பாஸ்டனுக்கு ஆடிய 1936இல் அமெரிக்கன் லீக் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) மொத்தமே 0.289 அடித்தது. அப்படியென்றால் அவர் சாதாரணமா? கிடையாது. அவர் அண்ணன் ரிக், ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் இடம்பெற்ற கேட்சர் (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்), வாழ்நாளில் 28 ஹோம் ரன். பிட்சரான தம்பி 38. அதனால் லீக் எண்ணை எடுக்கும்போது வருடத்தையும் லீக்கையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 1973 முதல் அமெரிக்கன் லீக்கில் பிட்சருக்குப் பதில் பேட்டிங் மட்டும் செய்யும் டெசிக்னேட்டட் ஹிட்டர் வந்துவிட்டதால், நேஷனல் லீக்குக்கும் அது வரும்வரையிலான இரண்டு லீக் சராசரியையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் தப்பாகும். என் அனுபவம் என்று கேட்டால், டாட்ஜர்ஸ் பிட்சர் கெர்ஷா 2013இல் சீசனின் முதல் ஆட்டத்தில் 0-0 என்று இருந்தபோது எட்டாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன். டிவியில் பார்த்தேன். அவ்வளவுதான்.

மேல்வரிசை இருக்கை:
கணக்கெல்லாம் சரி ஐயா. பிட்சர்களோடு ஒப்பிட்டாலும் கோலோன் கீழேதான்: 299 முயற்சியில் 25 ஹிட், 0.084. எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் அன்று நான் எழுந்துதான் போயிருப்பேன்.

ஒன்பதாவது ஆள்:
2021 செப்டம்பரில் டாட்ஜர் ஸ்டேடியத்தில் பிட்சர் ஷெர்சரின் 3,000ஆவது ஸ்ட்ரைக் அவுட்டை (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) பார்த்தவன் நான். எல்லோரும் அவர் பந்தைப் பற்றிப் பேசுவார்கள். அவர் மட்டையோடு வரும்போதெல்லாம் நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன், ஒன்றாவது விழாதா என்று. விழவில்லை. அந்த சீசன் முழுக்க 59 முயற்சி, ஒரு ஹிட் இல்லை. அடுத்த வருடம் நேஷனல் லீக்குக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டர் வந்துவிட்டார். அந்த 60ஆவது முயற்சி வரவே இல்லை.