பீட் நிலத்து ஸ்ப்ரூஸ் காடு: முழுவெட்டா, பொறுக்கி வெட்டா?

கேள்வி: பின்லாந்தில் 1960-70களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பீட் நிலம் (ஈரத்தில் முழுசாக மட்காமல் சேர்ந்த செடிகொடி மண்). அதில் நிற்கும் ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) முற்றிவிட்டது. மரமும் வேண்டும், மண்ணில் கரிமமும் அடங்கியிருக்க வேண்டும், கீழேயுள்ள ஏரியும் கலங்கக்கூடாது. எப்படி வெட்டுவது?

பதில் 1: முதலில் நீர்மட்டத்தைப் பாருங்க. தரைக்குக் கீழே 30 செ.மீ. சுமாரில் நின்றால் வேருக்குப் போதும். ரொம்ப இறங்கினால் பீட் மட்கிக் கரியமில வாயு கிளம்பும். தரையருகே ஏறினால் மீத்தேன் வாயு கிளம்பும். முழுவெட்டில் நீரை உறிஞ்ச மரமே இல்லை, மட்டம் ஏறிவிடும். உடனே வாய்க்காலைத் தூர்வாரச் சொல்வார்கள், அந்தச் சேறுதான் ஏரிக்குப் போகிறது. பொறுக்கி வெட்டினால் நிற்கிற மரமே பம்பு.

பதில் 2: சரிதான், ஆனால் ஒரேயடியாக மெலிக்காதீங்க. ஹெக்டேருக்கு அடிப்பரப்பு (நிற்கிற மரங்களின் தண்டுக் குறுக்குவெட்டுப் பரப்பின் கூட்டல், மார்பு உயரத்தில்) 10-12 ச.மீ. மிஞ்சட்டும். ஸ்ப்ரூஸுக்கு மேலோட்டமான வேர், காற்றில் சாயும். தரை உறைந்த பிறகே இயந்திரம் இறங்கணும், தடத்தில் கிளைகளை மெத்தையாகப் போடுங்க. கோடையில் வெட்டினால் அடிக்கட்டைமேல் உடனே யூரியா கரைசல். விட்டால் வேரழுகல் பூஞ்சை பக்கத்து மரத்துக்குத் தாவும். பட்ட மரங்களைத் தொடாதீங்க, வண்டுக்கும் மரங்கொத்திக்கும் அதுதான் வீடு.

கேட்டவர்: ஊசியிலை நுனி மஞ்சளாக இருக்கே?

பதில் 3: பெரும்பாலும் பொட்டாசியக் குறை, ஆழமான பீட்டில் சகஜம். குளிர்காலத்தில் ஊசியிலை எடுத்துச் சோதியுங்க. உறுதியானால் மரச்சாம்பல், ஹெக்டேருக்கு 3-5 டன், குருணையாக. தூளாகப் போட்டால் தரையிலுள்ள பாசி கருகும். வாய்க்கால் ஓரத்தை விட்டுத் தூவுங்க.