சோளிங்கர் சின்ன மலை ஆஞ்சநேயர்: முழங்கால் வலி உள்ள அம்மாவை எப்படி அழைத்துப் போவது?

அம்பத்தூர்க்காரன்:

வணக்கம். அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் சோளிங்கர் போகலாம் என்றிருக்கிறோம். நான், அம்மா, ஆறு வயது மகள். அம்மாவுக்கு 68. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டு மாடிப்படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுவார்.

போன வருஷம் தங்கைக்கு ஒரு ஆபரேஷன். அந்த நேரத்தில் "சோளிங்கர் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டுவிட்டார். தங்கை இப்போது நன்றாக இருக்கிறாள். "இன்னும் கடன் பாக்கி இருக்குடா" என்று அம்மா வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறார்.

ரோப் கார் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அது ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் போகுமா? அப்புறம் குரங்குத் தொல்லை. மகள் நாய்க்குட்டியைக் கண்டாலே என் முதுகில் ஏறிவிடுவாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

திருத்தணி பாசஞ்சர்:

ரோப் கார் இருக்கு சார், கவலையே வேண்டாம். அம்மாவை உட்கார வைத்தால் நேராக மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். குரங்குக்கு அடிவாரத்தில் கம்பு கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். ஓங்கினால் ஓடிவிடும்.

கொண்டபாளையத்துப் பொண்ணு:

பொண்ணு என்று பெயர் வைத்திருக்கிறேனே தவிர எனக்கு 57 ஆகிறது. பிறந்து வளர்ந்தது மலையடிவாரத்துக் கொண்டபாளையம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே தம்பி சொன்னது பாதி சரி. 2024இல் வந்த ரோப் கார் போவது பெரிய மலைக்கு. அங்கே இருப்பவர் யோக நரசிம்மர். உங்கள் அம்மா வேண்டிக்கொண்ட ஆஞ்சநேயர் பக்கத்துச் சின்ன மலையில் இருக்கிறார். அதற்கு 406 படி, காலால்தான் ஏற வேண்டும். பெரிய மலைக்கு 1305 படி. சித்திரை வெயிலில் அதை ஏறி இறங்கியவர்கள் எங்கள் கடைத் திண்ணையில் வந்து சாய்ந்து, மோர் மோர் என்று கேட்டதெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். 1305க்கு வண்டி வந்துவிட்டது, 406க்கு வரவில்லை. ராமனுக்காகக் கடலையே தாண்டினவர், தன்னைப் பார்க்க வருகிறவர்களை மட்டும் நடக்க வைக்கிறார் என்று என் தம்பி கிண்டல் பண்ணுவான்.

கம்பு விஷயம். எங்கள் பாட்டி சின்ன மலை அடிவாரத்தில் தேங்காய், வெற்றிலை, கற்பூரத்தோடு கம்பும் வைத்திருந்தார். கம்பு வாடகைக்கு. திருப்பிக் கொடுத்தால் பாதிக் காசு வாபஸ். அந்தக் கம்பு கையில் சும்மா இருக்கத்தான், ஓங்க அல்ல. ஓங்கினால் சின்னது ஓடும். கடுவன் ஓடாது, பல்லைக் காட்டும். நடக்கும்போது படியில் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போனால் போதும், அது பாட்டுக்கு ஒதுங்கிக்கொள்ளும். முறைத்துப் பார்க்கக் கூடாது. நாம் வேடிக்கை பார்ப்பதாக நினைப்போம், அது சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். குழந்தைக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பயந்தாலும் ஓடக் கூடாது, உங்கள் வேட்டியையோ பேன்ட்டையோ பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

அவை வருவது நமக்காக இல்லை, கையில் இருக்கும் பைக்காக. பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ. ஒரு தடவை ஒரு அம்மாவின் மஞ்சப்பையை ஒன்று பிடுங்கிக்கொண்டு போய் எங்கள் கடைக்கு எதிர்ப் பாறையில் உட்கார்ந்தது. பையைக் கவிழ்க்கவில்லை. கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தது. கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, தும்மி, தூக்கிப் போட்டது. ஊதுவத்தியைக் கடித்துவிட்டு அதையும் போட்டது. வாழைப்பழம் இரண்டையும் தோலோடு கன்னத்தில் அடக்கிக்கொண்டது, இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி உப்பிக்கொண்டது. கடைசியாக அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு எங்கள் பாட்டியைப் பார்த்தது. பாட்டி ஒரு பிடி பொட்டுக்கடலையை எறிந்தார், கண்ணாடி கீழே வந்தது. அந்த வியாபாரம் எங்கள் ஊரில் பழசு. இப்போது அப்படித் தீனி போட்டுப் பழக்காதீர்கள். நாங்கள் பண்ணின தப்பைத்தான் இன்றைக்கு எல்லோரும் அனுபவிக்கிறார்கள்.

ஆகவே கையில் எதுவும் வேண்டாம். செல்போன் சட்டைப்பையில் வேண்டாம், உள்பையில். குழந்தைக்குத் தின்பண்டம் கீழே வந்த பிறகுதான். வெற்றிலை மாலையைத் துண்டில் சுற்றி இடுப்பில், சட்டைக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. நாமக்கல்லில் 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்பவரைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள், "இவ்வளவு சின்னவரா" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அப்படி நிற்பவர் இல்லை, யோகத்தில் உட்கார்ந்தவர். நான்கு கை. மேல் கைகளில் சங்கும் சக்கரமும், ஒரு கையில் ஜபமாலை. ஆஞ்சநேயருக்குச் சங்கு சக்கரம் ஏது என்று கேட்பீர்கள். மலையில் தவம் பண்ணின சப்தரிஷிகளை அசுரர்கள் தொல்லைப்படுத்தினார்களாம். அவர்களை ஒடுக்கப் பெருமாளே தன் ஆயுதத்தைக் கொடுத்தாராம். வேலை முடிந்த பிறகும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் சந்தேகப்படாமல் கைகளை நன்றாகப் பாருங்கள். பூவும் வெற்றிலையும் மறைத்திருக்கும், பட்டர் தீபத்தைக் கொஞ்சம் உயர்த்தும்போது தெரியும். அவர் பார்வை நம்மேல் இல்லை, எதிரே பெரிய மலையில் இருக்கும் நரசிம்மர்மேல்.

ரிஷிகள் ஒரே ஒரு கடிகை, அதாவது 24 நிமிஷம், இங்கே தவம் பண்ணினதற்கே நரசிம்மர் காட்சி கொடுத்தார் என்பதால்தான் இந்த ஊருக்குத் திருக்கடிகை என்று பெயர். 108 திவ்யதேசங்களில் ஒன்று. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியிருக்கிறார்கள். என் பாட்டி 406 படி ஏற அதே ஒரு கடிகைதான் எடுத்துக்கொள்வார், எழுபது வயதில். ஆனால் அவருக்கு முழங்கால் நன்றாக இருந்தது. உங்கள் அம்மாவை ஏற்றாதீர்கள். ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் முழங்கால் பேசும்.

கார்த்திகை மாதம் போகாதீர்கள். அந்த ஒரு மாதம்தான் நரசிம்மர் யோகத்திலிருந்து கண்திறப்பதாக ஐதீகம். ஞாயிறு, வெள்ளியில் படி தெரியாது, தலைதான் தெரியும்.

வார்டு நர்ஸ்:

அந்த அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குரங்கு கடித்தாலும் சரி, நகத்தால் கீறினாலும் சரி, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே ஏதாவது அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். "அனுமார்தானே தொட்டார், நல்ல சகுனம்" என்று மூன்று நாள் கழித்து வந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். குழந்தை சின்னதாகக் கீறினால் பயந்து மறைத்துவிடும். இறங்கினதும் கை காலைப் பாருங்கள்.

அம்பத்தூர்க்காரன்:

ரொம்ப நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் வேண்டினதை நீ போய்ச் சாத்தினால் கணக்கு தீருமா?" என்று கேட்கிறார். பதில் தெரியவில்லை எனக்கு.

கொண்டபாளையத்துப் பொண்ணு:

தீரும். கேளுங்கள். அம்மாவை ரோப் காரில் பெரிய மலைக்குக் கூட்டிப்போய் நரசிம்மரையும் அமிர்தவல்லித் தாயாரையும் சேவித்துவிட்டு, சின்ன மலை தெரிகிற பக்கமாக நிழலில் உட்கார வையுங்கள். ஆஞ்சநேயர் அங்கிருந்து இங்கே பார்க்கிறார், உங்கள் அம்மா இங்கிருந்து அங்கே பார்ப்பார். நடுவில் ஆள் வேண்டாம். மாலை கட்டும்போது முதல் வெற்றிலையை மட்டும் அம்மா கையால் கோக்கச் சொல்லுங்கள். துணைக்கு யாராவது இருக்கட்டும், தனியாக விடாதீர்கள். காற்று பலமாக இருந்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

திரும்பும்போது நேரம் இருந்தால் தக்கான் குளத்தைப் பாருங்கள். வயசாகிக் காஞ்சிபுரம் போக முடியாத இந்த ஊர் வைணவ ஆசாரியர் தொட்டாச்சாரியாருக்கு, காஞ்சிப் பெருமாள் வரதராஜர் கருட சேவையை இங்கேயே காட்டினார் என்பார்கள். இன்றும் காஞ்சியில் வைகாசி கருட சேவையன்று அவருக்காக வரதரைக் குடையால் ஒரு நிமிஷம் மறைப்பார்கள். படி ஏற முடியாதவர்களுக்கு இந்த ஊரில் முன்னுதாரணம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

திருத்தணி பாசஞ்சர்:

ரோப் கார் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். நான் பெரிய மலையோடு திரும்பிவிட்டவன். இவ்வளவு நாளும் ஆஞ்சநேயரையும் பார்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூர்க்காரன்:

போய் வந்துவிட்டோம். கடைசி நேரத்தில் தங்கையும் கிளம்பி வந்துவிட்டாள், அதனால் அம்மாவுக்குத் துணை கிடைத்தது.

மாலையை முந்தின ராத்திரி கட்டினோம். அம்மா முதல் வெற்றிலையோடு நிறுத்தவில்லை, முக்கால்வாசியை அவரே கோத்தார். காம்பைக் கிள்ளாமல், நுனி ஒரே பக்கம் பார்க்கும்படி. நான் கட்டின கால்வாசி கோணலாக இருந்ததைப் பிரித்து மறுபடி கட்டினார்.

பெரிய மலையில் தரிசனம் முடிந்ததும் அம்மாவையும் தங்கையையும் நிழலில் உட்கார வைத்துவிட்டு நானும் மகளும் இறங்கிச் சின்ன மலை ஏறினோம். கம்பு அவள் கையில். டொக் டொக் என்று தட்டுவதில் இருந்த கவனத்தில் பயம் மறந்துவிட்டது. நூறாவது படி வாக்கில் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட தாய்க்குரங்கு ஒன்று நடுப்படியில் உட்கார்ந்திருந்தது. மகள் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, "முறைக்கல, முறைக்கல" என்று அதனிடமே சொன்னாள். அது எழுந்து கைப்பிடிச் சுவருக்குப் போய்விட்டது.

வெற்றிலை மாலை என் வயிற்றுச் சூட்டில் வெந்து, வியர்வையில் நனைந்துதான் மேலே வந்து சேர்ந்தது. கொடுக்கவே கூச்சமாக இருந்தது. பட்டர் ஒன்றும் கேட்கவில்லை, உதறிச் சாத்தினார். தீபத்தைத் தூக்கியபோது சங்கு தெரிந்தது. சக்கரம் மாலைக்குப் பின்னால் போய்விட்டது.

வெளியே வந்து பெரிய மலையைப் பார்த்தபடி அம்மாவுக்குப் போன் செய்தேன். "சாத்தியாச்சும்மா" என்றேன். "தெரியுதுடா, நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். நீலச் சட்டைதானே? பாப்பா உன் பக்கத்துல நிக்கிறா" என்றார். ஆமாம் என்றேன்.

நான் அன்றைக்குப் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.