புலம்பெயர்ந்தோர் மீதான வெறுப்பைக் குறைக்கக் கண்காட்சி: எப்படி அமைப்பது?

சாட்ஸ்வொர்த் மாலா:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24 பாரம்பரிய நாளை ஒட்டி, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாதர் சங்கம் ஒரு வாரக் கண்காட்சி நடத்தப்போகிறது. மலாவி, காங்கோ, ஜிம்பாப்வேயிலிருந்து வந்து நம் தெருக்களில் பிழைப்பவர்களைப் பற்றிய ஏச்சுப் பேச்சு குறைய வேண்டும். 20 முகப் படங்களை மாட்டலாம் என்று யோசனை. கோயில் மண்டபம் இலவசம். இது போதுமா?

மேர்பேங்க் செல்வி:
மாலா அக்கா, முகப் படம் மட்டும் என்றால் பார்ப்பவருக்குப் பாவம் என்று தோன்றும், அதோடு சரி. சமமான நிலை, பொதுவான நோக்கம், கூட்டு வேலை, ஊர்ப் பெரியவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் சேர்ந்த பழக்கம்தான் வெறுப்பைக் கரைக்கும் என்று உளவியலாளர் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். 2006-இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இரு ஆய்வாளர்கள் 500-க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழகினால் வெறுப்பு குறைகிறது, இந்த நான்கும் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்று தெரிந்தது. ஆகவே கண்காட்சிக்கு முந்தைய வாரங்கள்தான் முக்கியம்.

மலாவிப் பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெஞ்சேயும் நம் பழைய சேலையும் சேர்த்து, 60 செ.மீ. சதுரத் துண்டுகள் 12 தைக்கலாம். ஒரு துண்டுக்கு இருவர், அவர்கள் தரப்பில் ஒருவர், நம் தரப்பில் ஒருவர், மூன்று சனிக்கிழமை. பருத்திச் சிட்டெஞ்சேயை முதலில் அலசிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பிறகு சுருங்கித் தையலை இழுக்கும். ஜார்ஜெட் சேலை வழுக்கும். அடியில் மெல்லிய தாள் வைத்து, 11-ஆம் நம்பர் ஊசியால் தைத்து, பிறகு தாளைக் கிழித்துவிடுங்கள். மேல் ஓரத்தில் 8 செ.மீ. மடித்துத் தைத்தால் கம்பு நுழையும். துண்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

குறிப்பு அட்டையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'மலாவியிலிருந்து வந்த ஏழைத் தையல்காரர்' என்று எழுதினால் எல்லாம் வீண். 'இந்தக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்க 40 நிமிடம் ஆகும்' என்று எழுதுங்கள். கைத்திறனைப் பார்த்தவருக்கு ஏளனம் வராது. சாட்ஸ்வொர்த்தில் தமிழ் படிப்பவர் குறைவு. ஆங்கிலமும் ஜூலுவும் கட்டாயம், தமிழில் தலைப்பு போதும். எழுத்து 20 பாயின்டுக்குக் குறையக் கூடாது.

பீனிக்ஸ் குமரன்:
மண்டபத்தை மாற்றுங்கள், அம்மா. மலாவியிலிருந்து வருபவர்களில் முஸ்லிம்களும் உண்டு; சாமி சந்நிதியைத் தாண்டி வரத் தயங்குவார்கள். நூலகக் கூடமோ சமூகக் கூடமோ பொதுவானது.

முகத்தைப் பற்றி இன்னொன்று. 2008-லும் 2015-லும் வெளிநாட்டவர் மீது நடந்த தாக்குதல்களை டர்பன் மறக்கவில்லை. அகதி மனு நிலுவையில் உள்ளவரின் முகம் ஃபேஸ்புக்கில் பரவினால் ஆபத்து அவருக்குத்தான். கைகளை மட்டும் படம் எடுங்கள். சம்மதத்தை அவர் மொழியிலேயே எழுதி வாங்குங்கள், 'எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம்' என்ற வரியோடு. 1860-இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரைப் பற்றி ஒரே ஒரு அட்டை வைக்கலாம். கூடினால் கண்காட்சி நம்மைப் பற்றியதாகிவிடும்.

உம்லாஸ் ராணி:
பலனை அளக்க 'பிடித்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்பார்கள். 'பக்கத்து வீட்டுக்கு ஒரு காங்கோ குடும்பம் வந்தால் சம்மதமா?' என்று 1 முதல் 5 வரை குறிக்கச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். பாதிப் பேருக்கு நுழையும்போது, மீதிப் பேருக்கு வெளியே போகும்போது. யாருக்கு எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தானாக வருபவர் ஏற்கெனவே நல்ல மனசுக்காரர்களாக இருப்பார்கள், அதனால் பள்ளி வகுப்புகளை வரவழையுங்கள். தைத்த 24 பேரையும் மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.


சாட்ஸ்வொர்த் மாலா:
நன்றி. கோயில் மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சேலை சேகரிப்பு இந்த வாரமே தொடங்கும்.