ரோமில் நான்கு நாள், கையில் 160 யூரோ: நடந்தே பார்த்தால் போதுமா?

பாறசாலைப் பிள்ளை:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது. வீடு பாறசாலையில், களியக்காவிளையிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். எழுத அம்மா சொல்லிக்கொடுத்தார். ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன், இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன்.

மார்ச்சில் நான்கு நாள் ரோமுக்குப் போக ஆசை. மலிவு விமானத்தில் போகவர 45 யூரோவுக்குக் கிடைத்தது. முதுகுப்பை ஒன்றுக்கு மட்டும்தான் அனுமதி. அது போக என்னிடம் இருப்பது 160 யூரோ. சனி, ஞாயிறு ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்று சேர்த்த பணம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அவரிடம் கேட்க மனம் வரவில்லை. மூன்று இரவுக்கு விடுதியில் ஒரு படுக்கை 90 யூரோ என்று காட்டுகிறது. மீதி 70.

எங்கே பார்த்தாலும் கொலோசியம், வாத்திகன் அருங்காட்சியகம் என்று டிக்கெட் விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் போனால் மீதிப் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும். டிக்கெட் இல்லாமல் நடந்தே சுற்றினால் அது ரோமைப் பார்த்ததாகுமா? திரும்பி வந்த பிறகு மனசு அடித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.

தனியாகத்தான் போகிறேன். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன்; முட்டை, மீன் சாப்பிடுவேன். இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை.

செங்கோட்டை வாசகர்:

ஜெர்மனிக் குடியிருப்பு அட்டை செல்லுபடியாக இருந்தால் இத்தாலிக்குத் தனி விசா வேண்டாம். அட்டை, பாஸ்போர்ட் இரண்டையும் அசலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கு இலவசம், கொலோசியமும் அதில் சேரும். வாத்திகன் அருங்காட்சியகத்துக்கு மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் இலவசம், ஆனால் வரிசை மிக நீளம். 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 2 யூரோ என்று எழுதியிருப்பதை நம்பிப் போகாதீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும்.

முஞ்சிறைக்காரன்:

தங்கச்சி, தாராளமாகப் பார்த்ததாகும். நான் 2025 நவம்பரில் மூன்று நாள் ரோமில் இருந்தேன். நீ சொன்ன இரண்டு இடத்துக்குள்ளும் போகவில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நம் பக்கத்துப் பிள்ளை என்பதால் உனக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று விளங்கும். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் பார்த்திருப்பாய். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு என்று பன்னிரண்டு கோயிலும் ஓடி நட்டாலத்தில் முடிப்பார்கள். 19 வயதில் நானும் மாமாவோடு ஓடினேன். அதற்கு முன்னால் பொன்மனையும் மேலாங்கோடும் எனக்கு வெறும் ஊர்ப்பெயர்கள். ஓடி முடித்தபோதுதான் எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எங்கே ஏற்றம், எங்கே ஆறு குறுக்கே வரும், எந்தத் திருப்பத்தில் மோர் ஊற்றுவார்கள் என்று காலுக்கே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வழி வரும்.

ரோமுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. ஏழு கோயில் சுற்று. 16-ஆம் நூற்றாண்டில் பிலிப்பு நேரி என்ற பாதிரியார் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு ஏழு பேராலயங்களுக்கு நடந்துபோகும் வழக்கத்தைப் பரப்பினார். பாட்டும் செபமுமாகப் போய், நடுவில் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவார்கள். மொத்தம் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏழு ஆலயத்துக்கும் நுழைவு இலவசம். நான் கிறிஸ்தவன் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

காலை ஏழு மணிக்குப் புனித பேதுரு பேராலயத்தில் தொடங்கு. அந்த நேரத்தில் சோதனை வரிசை சிறியது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி நட்டாலத்தில் பிறந்தவர். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அந்த முற்றத்தில் தேவசகாயம் பிள்ளையைப் புனிதராக அறிவித்தபோது டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். தேவசகாயம் பிள்ளை 1712-ல் நட்டாலத்தில் பிறந்து 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்டவர், உனக்குத் தெரிந்திருக்கும். நான் புறப்படும்போது பாட்டி கேட்டது ஒன்றுதான்: "அந்த முற்றத்தில எனக்காக ஒரு நிமிஷம் நில்லு மக்களே." நின்றேன். நம் ஓட்டம் முடிகிற ஊரை நினைத்துக்கொண்டு அந்த நடையைத் தொடங்கினேன்.

அங்கிருந்து தைபர் ஆற்றை ஒட்டித் தெற்கே. படியிறங்கினால் தண்ணீரை ஒட்டி நடைபாதை இருக்கிறது. ஆறு பெருகியிருந்தால் இறங்காதே, மேலே மர வரிசைக்குக் கீழேயே போகலாம். நடுவில் தைபர் தீவு, அப்புறம் தெஸ்தாச்சோ என்ற பகுதி, பிறகு மதிலோடு ஒட்டி நிற்கும் ஒரு பிரமிடு. ரோமில் பிரமிடு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. இன்னும் தெற்கே போனால் புனித பவுல் பேராலயம். 1823-ல் தீப்பிடித்து எரிந்து மறுபடி கட்டியது. உள்ளே தூண்களுக்கு மேலே போப்புகள் எல்லோருடைய முகங்களும் வட்ட வட்டமாக வரிசையில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு வருவதுதான். பவுல் பேராலயத்திலிருந்து செபஸ்தியார் ஆலயத்துக்குப் போகும் தெருவின் பெயரே ஏழு கோயில் தெரு. கர்பத்தெல்லா என்ற பகுதிக்குள் நுழைந்து போகும். 1920-ல் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய குடியிருப்பு அது. பொது முற்றங்களில் துணி காய்கிறது, சன்னல் விளிம்பில் தொட்டிச் செடி, பெஞ்சில் தாத்தாக்கள். சுற்றுலாக்காரர் என்று நான் ஒருவனைக்கூடப் பார்க்கவில்லை. காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா என் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஏழு விரலை விரித்துக் காட்டிக் கேட்டார். தலையாட்டினேன். பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். திற்பரப்பு வழியில் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்த முகங்கள்தான் எனக்கு நினைவு வந்தன.

அந்தத் தெரு முடிகிற பக்கம் ஆப்பியா சாலை. கி.மு. 312-ல் போடத் தொடங்கிய சாலை. சில இடங்களில் பழைய கருங்கல் பாளங்கள் அப்படியே இருக்கின்றன, வண்டிச்சக்கரம் ஓடித் தேய்ந்த பள்ளத்தோடு. ஒரு எச்சரிக்கை: நகரத்தை நோக்கித் திரும்பும் பகுதியில் இரண்டு பக்கமும் மதில், சாலை ஒடுங்கியது, நடைமேடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டி குறைவு. மற்ற நாள் என்றால் கலிஸ்து நிலத்தடிக் கல்லறை வளாகத்தின் உள்பாதையில் போ. கல்லறைக்கு புதன்கிழமை விடுமுறை, அன்றைக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாதே.

அப்புறம் பழைய நகர மதில். மூன்றாம் நூற்றாண்டில் ஆரேலியன் கட்டியது, சுற்றளவு 19 கிலோமீட்டர். அதன் வாசலில் நுழைந்து செலிமோந்தானா தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடு. நேரியின் கூட்டம் உட்கார்ந்து சாப்பிட்டதும் அந்தத் தோட்டத்தில்தான். பிறகு யோவான் பேராலயம். ரோமின் ஆயர் என்ற முறையில் போப்புக்கு உரிய கதீட்ரல் இதுதான். கொஞ்ச தூரத்தில் திருச்சிலுவை ஆலயம். ரயில் பாதையைக் கடந்தால் லோரென்சு ஆலயம். 1943 ஜூலை 19 அன்று குண்டுவீச்சில் சிதைந்து, பின்னால் சேர்த்துக் கட்டியது. மற்ற ஆறையும்விட அங்கே அமைதி அதிகம். நான் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசி, மரியா மஜ்ஜோரே பேராலயம். போப் பிரான்சிஸை 2025 ஏப்ரலில் அடக்கம் செய்தது அங்கேதான். கல்லில் அவருடைய லத்தீன் பெயர் மட்டும், ஒரே சொல். காலையில் பாட்டிக்காக நின்றேன், மாலையில், தேவசகாயம் பிள்ளையின் பெயரை அந்த முற்றத்தில் சொன்னவருடைய கல்லறைக்கு முன்னால் நின்றேன். அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. வெளியே வந்தபோது மணி ஐந்தரை. தெர்மினி ரயில் நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம், உன் விடுதி அந்தப் பக்கம் இருந்தால் மார்ச்சில் இருட்டுவதற்குள் போய்விடலாம்.

தண்ணீர் வாங்காதே. தெருவெங்கும் வார்ப்பிரும்புக் குழாய் நிற்கும், மொத்தம் 2,500 பக்கம். 1874-லிருந்து இருக்கின்றன. பெயர் நசோனே, பெரிய மூக்கு என்று அர்த்தம். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

இன்னொரு நாள் மெட்ரோ ஏ வழியில் ஜூலியோ அக்ரிகோலா நிறுத்தத்தில் இறங்கி நீர்ப்பாலப் பூங்காவுக்குப் போ. நம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்திருப்பாய் அல்லவா? பறளியாற்றுப் பள்ளத்தில் 115 அடி உயரத்துக்குத் தூண் எழுப்பியது தண்ணீரின் சரிவு கெடாமல் அக்கரை சேர்க்கத்தான். கி.பி. 52-ல் கட்டி முடித்த கிளாவுதியா நீர்ப்பாலமும் அதே காரணத்துக்காகத்தான் வளைவு வளைவாகப் போகிறது. புல்வெளியில் நின்று அதைப் பார்த்தபோது, இதைச் செய்தவர்களுக்கும் மாத்தூர்ப் பாலத்தில் கல் சுமந்தவர்களுக்கும் பேச எவ்வளவோ இருந்திருக்கும் என்று தோன்றியது.

காரக்கோணம் அக்கா, ரோமிலிருந்து:

மக்களே, நான் இங்கே ஒன்பது வருடமாக நர்ஸ். தம்பி சொன்ன வழி நல்ல வழி, ஆனால் கடைசி மூன்றில் இரண்டு கோயிலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கதவு சாத்தியிருக்கும். லோரென்சு, திருச்சிலுவை இரண்டும் மதியம் அடைத்துவிட்டு நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அதனால் அவசரப்படாமல் தோட்டத்தில் நன்றாக இளைப்பாறு.

செருப்பு வேண்டாம். இங்கே தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பதித்தது, மழை பெய்தால் வழுக்கும். ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ போட்டுவா. புது ஷூவோடு வந்து இரண்டாம் நாளே கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு, துண்டுபோட்டு எடைக்கு விற்கும் பீட்சா கடைகளைப் பார். கையால் இவ்வளவு என்று காட்டினால் வெட்டி நிறுத்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு வைத்தது, தக்காளி மட்டும் பூசியது இரண்டும் வயிற்றை நிரப்பும். சுப்ளி என்று அரிசி உருண்டை பொரித்திருக்கும்; அதன் சாறில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டு வாங்கு. காப்பியை மேடைப் பக்கம் நின்று குடி, மேசையில் உட்கார்ந்தால் விலை வேறு. விடுதியில் நகர வரி என்று இரவுக்குச் சில யூரோ தனியாகக் கேட்பார்கள், அதையும் கணக்கில் வை.

பையை முன்பக்கம் மாட்டு, முக்கியமாகத் தெர்மினியிலும் மெட்ரோவிலும். ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்காராதே, 2019-லிருந்து அபராதம் போடுகிறார்கள்.

ஓவியம் பிடிக்குமென்றால் கரவாஜ்ஜோ வரைந்தவற்றைக் காசில்லாமல் பார்க்கலாம். சான் லூயிஜி பிரெஞ்சு ஆலயத்தில் மத்தேயுவைப் பற்றிய மூன்று ஓவியங்கள், சாந்தா மரியா தெல் பொப்போலோ ஆலயத்தில் இரண்டு. இருட்டாக இருந்தால் பெட்டியில் ஒரு நாணயம் போடு, விளக்கு எரியும். மிக்கேலாஞ்சலோவின் மோசே சிலையும் கொலோசியத்துக்குப் பக்கத்து ஆலயத்தில் இலவசம். ஒரே ஒரு டிக்கெட் வாங்குவதென்றால் பழைய ரோமர் கோயிலான பாந்தியோனுக்குப் போ. கம்பி இல்லாத கான்கிரீட் கூரை, 43 மீட்டர் அகலம், நடுவில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே மழை பெய்யும், தரையில் வடிகால் துளை வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது நூற்றாண்டாக அப்படியே நிற்கிறது.

பாறசாலைப் பிள்ளை:

முஞ்சிறை அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக்காட்டினேன். அம்மாவின் அம்மா வீடு நட்டாலத்துக்குப் பக்கம்தான். முற்றத்தில் அவர்களுக்காகவும் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பாடு ஒரு நாளைக்கு 9 யூரோ, நகர வரி, விமான நிலையத்துக்குப் போகவர, பாந்தியோன் டிக்கெட், மெட்ரோ இரண்டு முறை. எல்லாம் 70-க்குள் அடங்குகிறது. இரண்டாம் நாள் ஞாயிறு, அன்றைக்கே ஏழு கோயில். ஒரு சந்தேகம் மட்டும்: பாதி வழியில் முடியாமல் போனால்?

முஞ்சிறைக்காரன்:

பவுல் பேராலயத்துக்குப் பக்கத்தில் மெட்ரோ பி, யோவான் பேராலயத்துக்குப் பக்கத்தில் மெட்ரோ ஏ. இரண்டிலிருந்தும் தெர்மினிக்கு நேரே வரலாம். முதல் கோயில்களை முடித்துவிட்டு மிச்சத்தை மறுநாள் நடந்தாலும் ஒன்றுமில்லை. ஆரஞ்சு இரண்டு பையில் போட்டுக்கொள். வழியில் அந்த அம்மா வந்தால் ஒன்றை அவருக்குக் கொடு.