கேம்பாய் அட்வான்ஸுக்கு எந்த ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்? வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

திருச்சி

பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு ஷூ டப்பாவுக்குள் என் பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்.பி., நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுப் பெட்டி, அகப்பட்டது. 2003-இல் வந்த மடக்கும் மாடல். சார்ஜர் வாயில் பச்சை பிடித்திருந்தது. காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், விளக்கு எரிந்தது. ஆனால் கூட இருந்தது ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்தான், மற்றதெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. மகளுக்கு ஏழு வயது. போனைப் பிடுங்கிவிட்டு இதைக் கொடுக்கலாம் என்று ஒரு நப்பாசை.

எஸ்.டி. கார்டில் பல ஆட்டங்களை ஏற்றிப் போட்டு ஆடும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பயமாகவும் இருக்கிறது. 2008-இல் ரிச்சி தெருவில், அட்வான்ஸுக்கு அடுத்து வந்த நின்டெண்டோ டிஎஸ் லைட்டுக்கு ஆர்4 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிளாஷ் கார்டு ஒன்றை வாங்கினேன். அசலா நகலா என்று பார்க்கத் தெரியாத வயது. ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் மச்சான் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அணைத்துவிட்டான். அறுபது மணி நேர ஆட்டம் போச்சு. அவனோடு ஒரு தீபாவளி வரை பேசவில்லை.

விலையை விடுங்கள், அது எனக்கே தெரிகிறது. எவர்டிரைவ் வாங்கினால் நூறு டாலருக்குப் பக்கம், ஈஸி ஃபிளாஷ் ஒமேகா வகைகள் அதைவிடக் குறைவு, பெயரே இல்லாதவை அதைவிடவும் குறைவு. வாங்கிய பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

சிங்கப்பூர்

நான் சொல்லப்போவது டிஎஸ் கதை. ஆனால் உங்களுக்கும் உதவும்.

முதல் தலைமுறைக் கார்டுகள் டிஎஸ்ஸின் கீழ்வாயில், அதாவது அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் போடும் இடத்தில் உட்காரும். அது மட்டும் போதாது. மேல்வாயில் இன்னொரு சாவி மாதிரி கார்டு போட்டால்தான் பெட்டி ஏமாறும். லைட் மாடலில் கீழே அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கும், சட்டைப் பையில் போட்டால் குத்தும். ஆர்4 வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. மேல்வாயில் ஒரே கார்டு, திரையில் மூன்று படம், அவ்வளவுதான். அசல் ஆர்4 2 ஜிபிக்கு மேல் மைக்ரோ எஸ்.டி. படிக்காது. அது தெரியாமல் 4 ஜிபி கார்டு வாங்கிய என் அறைத்தோழன் மூன்று நாள் திட்டிக்கொண்டே இருந்தான்.

2009-இல் டோக்கியோ நீதிமன்றமும் 2010-இல் லண்டன் உயர் நீதிமன்றமும், இந்தக் கார்டுகளை விற்பது பற்றிய வழக்குகளில் நின்டெண்டோ பக்கம் தீர்ப்புச் சொல்லின. ஆனால் ஆர்4 என்ற பெயர் மட்டும் பேய் மாதிரி நின்றுவிட்டது. யார் வேண்டுமானாலும் ஒரு பலகை செய்து அந்தப் பெயரை ஒட்டி விற்கலாம் என்று ஆனது. அப்படி ஒன்றைத்தான் நாலைந்து வருடம் முன்னால் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலையில் மெனு வருகிறது, ஆட்டத்தைத் தொட்டால் உள்ளே போகவில்லை. கார்டைத் துடைத்தேன், ஃபார்மட் செய்தேன், வேறு எஸ்.டி. போட்டேன். கடைசியில் பார்த்தால், கார்டின் மென்பொருளிலேயே ஒரு தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி தாண்டினால் ஓடாது. மறுபடி புதுசு வாங்க வேண்டுமாம். பால் பாக்கெட்டுக்குத் தேதி போடுகிற மாதிரி!

கைவைத்தியம் என்னவென்றால் டிஎஸ்ஸின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது. இரண்டு வருடம் தள்ளினேன், ஓடியது. ஆனால் அவள் ஆடுவது அனிமல் கிராஸிங். அந்த ஊரில் நேரம் நம் கடிகாரப்படிதான் நடக்கும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கிதார் வாசிக்க ஒரு நாய் வரும். வருடம் மாறியதில் கிழமை மாறிவிட்டது. “இன்னைக்குச் சனிக்கிழமைதானே, நாய் எங்கே?” என்று கேட்டாள். விளக்கிச் சொன்னதும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு வேறு மெனு மென்பொருளை எஸ்.டி.யில் போட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தேன். நாய் வந்தது.

அதனால் சகோ, பெட்டிமேல் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். அதன் மென்பொருளை யார் எழுதுகிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள்.

மதுரை

சின்ன விஷயம்தான். கார்ட்ரிட்ஜ் கெட்டது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கெட்டது எஸ்.டி. கார்டு.

எனக்கு 64 ஜிபி என்று அச்சடித்த ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. போட்டேன், படிக்கவே இல்லை. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில்தான் வரும், என் கார்ட்ரிட்ஜுக்கு ஃபேட் 32 ஃபார்மட் வேண்டும் என்று பிறகு தெரிந்தது. மாற்றினேன். முதல் பத்து ஆட்டம் ஓடியது, மற்றதெல்லாம் குப்பை. கணினியில் போட்டு, முழுக்க எழுதி முழுக்கத் திரும்பப் படிக்கிற சோதனை ஒன்றை ஓட்டினேன். உள்ளே உண்மையில் இருந்தது 8 ஜிபிகூட இல்லை. மிச்சமெல்லாம் அச்சு மட்டும். நாலு மணி நேரம் ஆகிறதே என்று பார்க்காமல் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். அட்வான்ஸுக்கு 16 ஜிபி போதும். ஒரு ஆட்டம் அதிகபட்சம் 32 எம்பிதானே.

கோவை

என் வழி கொஞ்சம் வேறு. நான் அடுத்தவர் ஆட்டம் ஆட வாங்கவில்லை, நானே எழுதிய ஆட்டத்தை அசல் பெட்டியில் பார்க்க வாங்கினேன்.

அக்கா பையனுக்காகத் தமிழ் எழுத்து விளையாட்டு. மேலிருந்து எழுத்துகள் விழும், பிடித்துச் சொல் சேர்க்க வேண்டும். அட்வான்ஸின் திரை 240க்கு 160 புள்ளி. படங்களை 8க்கு 8 கட்டங்களாக அடுக்கும். ஆங்கிலத்துக்கு அந்தக் கட்டம் தாராளம். ‘ஞ’வை 8 புள்ளிக்குள் வரைந்து பாருங்கள், நசுங்கிய கொசு மாதிரி இருக்கும். 16க்கு 16 ஆக்கினேன்.

247 எழுத்தையும் வரைய வேண்டுமா என்று மலைத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டில் கணக்குப் போட்டேன். உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி மெய் 18. கு, கூ வரிசைகள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வளைவதால் அவை 36. கி, கீ வரிசைகளை ஒட்டுப்போட்டால் அசிங்கமாக இருந்தது, அதற்கும் 36. பிறகு கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. ஔகாரத்தின் பின்பாதிக்கு ‘ள’வையே வைத்துக்கொண்டேன். ஆக 125. ஒன்றுக்கு 128 பைட், மொத்தம் 16,000 பைட். திரையில் தெரியும் படங்களை வைத்திருக்கும் பெட்டியின் 96 கேபி காணொளி நினைவகத்தில் அதற்கு ஒரு மூலை போதும். 125-உம் வரைந்து முடிக்க மூன்று மாதம் ஆனது தனிக்கதை.

கணினியில் எமுலேட்டரில், அதாவது அட்வான்ஸ் மாதிரியே நடிக்கும் மென்பொருளில், அழகாக ஓடியது. ஈஸி ஃபிளாஷ் ஒமேகாவில் போட்டு எஸ்.பி.யைத் திறந்தால், ‘அம்மா’வுக்குப் பின்னால் எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள். காணொளி நினைவகத்தை நான் துடைக்கவே இல்லை. எமுலேட்டர் அதைக் காலியாகக் கொடுத்தது; நிஜத்தில் எனக்கு முன்னால் ஓடிய கார்ட்ரிட்ஜின் மெனு தன் எச்சத்தை அங்கேயே விட்டுப் போயிருந்தது. தப்பு என்னுடையதுதான். கார்ட்ரிட்ஜ் இல்லாவிட்டால் அது கண்ணில் பட்டிருக்காது.

அடுத்தது சேவ். பையன் வாங்கிய மதிப்பெண் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குப் போனது. எமுலேட்டரில் அந்தப் பிரச்சினையும் இல்லை. இரண்டு வாரம் மண்டையை உடைத்தேன். அட்வான்ஸ் ஆட்டங்களில் சேவ் ஒரே வகை இல்லை. எஸ்ரேம், ஈப்ராம், ஃபிளாஷ் என்று மூன்று உண்டு. இது எந்த வகை என்பதை, நின்டெண்டோவின் நிரல் நூலகம் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு குறிச்சொல்லாக விட்டுவைத்திருக்கும். எஸ்ரேம், ஓர் அடிக்கோடு, வி, பிறகு மூன்று இலக்கம் என்று. கார்ட்ரிட்ஜ் தேடுவது அந்தச் சொல்லைத்தான். என் ஆட்டத்தில் அது இல்லை, இவருக்கு சேவ் வேண்டாம் போலிருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது. ஒரு வரி சேர்த்தேன், மதிப்பெண் அழியாமல் நின்றது. எஸ்ரேமில் ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் எழுத முடியும் என்பதையும் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

திருச்சி நண்பர் கவனிக்க வேண்டியது இங்கேதான். பல கார்ட்ரிட்ஜ்களில் நீங்கள் ‘சேவ்’ அழுத்தும்போது அது எஸ்.டி. கார்டுக்குப் போவதே இல்லை. ஒரு சின்ன பட்டன் பேட்டரி உயிர் பிடித்து வைத்திருக்கும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். மறுபடி ஆன் செய்யும்போதுதான் மெனு அதை எடுத்து எஸ்.டி.யில் எழுதும். நடுவில் பேட்டரி செத்தால் கதை முடிந்தது. ஆன் செய்த உடனே, எழுதிக்கொண்டிருக்கும்போது அணைத்தாலும் அதே கதிதான். ஒமேகாவின் டெஃபினிட்டிவ் பதிப்பில் அந்த இடத்தில் ஃபெரம் என்ற வகைச் சில்லு போட்டிருக்கிறார்கள். மின்சாரமே இல்லாமல் நினைவு நிற்கும். பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். ஏழு வயதுப் பிள்ளை கைக்குப் போகிற பொருள் என்றால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நிரலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் மைக்ரோ எஸ்.டி.யைப் பிடுங்கிப் போட வேண்டும். ஒரு ராத்திரி அது ஸ்பிரிங்கில் துள்ளி அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் விழுந்தது. டிரம்மை நகர்த்திய சத்தத்தில் அம்மா எழுந்து வந்து, “இந்த நேரத்துல என்னடா அரிசி?” என்றார்.

ஸ்கார்பரோ

நான் எதிர்ப்பக்கம் கதைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என்னிடம் கொனாமியின் பொக்டாய் இருக்கிறது, 2003-இல் வந்தது. அந்தக் கார்ட்ரிட்ஜின் தலையில் வெயிலை உணரும் கண் ஒன்று உண்டு. வெளியில் போய் உண்மையான வெயிலைக் காட்டினால்தான் துப்பாக்கியில் சக்தி ஏறும். இங்கே ஜனவரியில் மூன்று மணிக்கே மங்கல், நான் ஜன்னலோரம் தவம் கிடப்பேன். திருச்சியில் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் பேய் எல்லாம் சாம்பல்! ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் போட்டால் அந்தக் கண் இல்லை. ஆட்டத்தையே திருத்தி, பட்டனை அமத்தினால் வெயில் என்று ஆக்க வேண்டும். அதில் என்ன கிடக்கு? அசைவை உணரும் வேரியோவேர் ட்விஸ்டட் ஆட்டத்துக்கும் இதே கதைதான்.

அதனால் நான் கனக்கக் காலமாக அசல்களைத்தான் சேர்க்கிறேன். அவற்றைக் கணினியில் வாசித்தெடுக்க ஜிபிஎக்ஸ்கார்ட் என்ற சின்ன யுஎஸ்பி கருவி வைத்திருக்கிறேன். ஆட்டத்தையும் எடுக்கலாம், சேவையும் எடுக்கலாம். தம்பியின் போக்கிமான் கோல்டை, அதிலிருந்த சிஆர்2025 வகைப் பட்டன் பேட்டரி சாக முன்னம் இப்படித்தான் காப்பாற்றினேன். சேவை எடுத்து, பேட்டரியை மாற்றி, திரும்ப எழுதிவிட்டேன். அவன் பதின்மூன்று வயதில் பிடித்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. ஃபிளாஷ் வாங்கினாலும் சொந்தக் கார்ட்ரிட்ஜை இப்படி எடுத்துப் போட்டால் மனச்சாட்சிக்கும் சுகம்.

திருச்சி

எல்லோருக்கும் நன்றி. ஸ்கார்பரோ அண்ணா, இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, பொக்டாய்தான் இல்லை.

ஃபெரம் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அதைப் படித்ததும் முடிவு ஆகிவிட்டது. டெஃபினிட்டிவ் பதிப்பை ஆர்டர் செய்திருக்கிறேன், நண்பர் ஒருவர் வரும்போது கொண்டுவருகிறார். 16 ஜிபி கார்டு ஒன்று எடுத்து மதுரைக்காரர் சொன்ன சோதனையை ஓட்டினேன், தேறியது. மச்சானிடம் பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். “அப்போ அன்னைக்கு என் தப்பு இல்லைல்ல?” என்கிறான். அது டிஎஸ்டா, இது வேறடா என்றால் கேட்கவே மாட்டேன் என்கிறான்.

கோவை நண்பரே, அந்த எழுத்து விளையாட்டை அனுப்புவீர்களா? மகள் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சுழி எண்ணுவதில் தடுமாறுகிறாள்.

கோவை

அனுப்புகிறேன். சுழி எண்ணுகிற பிள்ளை என்றால் ஒரு எச்சரிக்கை: 16 புள்ளிக்குள் ‘ண’வுக்கு மூன்று சுழி போட இடம் வரவில்லை, இரண்டரைதான் இருக்கும். அதை மட்டும் 24 புள்ளி அகலமாக்கி இந்த வாரம் திரும்ப வரைகிறேன். ‘ணு’, ‘ணூ’வும் கூடவே மாற வேண்டும், ‘ணி’, ‘ணீ’யும்தான். ஞாயிறு வரை பொறுங்கள்.