வீடற்றோருக்கு அறைகள் கேட்க வேண்டும்: உள்ளூராட்சிச் சபை வரவுசெலவுத் திட்டம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை பஸ் நிலையத்தைச் சுற்றி இரவில் படுத்துறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு ஐயா சீனி வியாதி மருந்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறார். தூறல் விழுந்தால் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார். வாடை மழைக்குக் கடை விறாந்தைதான் கதி.

முகவரி இல்லாதவருக்குக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கிடைப்பது பெரும்பாடு. அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் இல்லை. 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அலைந்து திரிவோரைக் குற்றவாளிகளாகத்தான் பார்த்தது. பின்லாந்திலோ 2008 முதல் அரசும் நகரசபைகளும் சேர்ந்து முதலில் நிரந்தர வீட்டைக் கொடுத்து, பிறகு சிகிச்சை, வேலை என்று கூடவே நின்றன. வீடற்றோர் தொகை உண்மையாகவே குறைந்தது.

இங்கேயும் சின்னதாகத் தொடங்கலாம்: சில அறைகள், மருந்தையும் பத்திரங்களையும் கவனிக்க ஒரு ஆள். ஒரு இரவுக்கான மடம் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

சபையின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஜனவரிக்கு முன் நிறைவேறிவிடும். அதற்குள் முன்மொழிவு கொடுக்க வேண்டும். உள்ளூராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை செய்த அண்ணாமார், அக்காமார் யாராவது இருக்கிறீர்களா? இப்படியான செலவை எந்தத் தலைப்பின் கீழ் கேட்பது? மாகாண சமூக சேவைத் திணைக்களத்தோடு செலவைப் பகிரலாமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பழைய நலன்புரிச் செலவு விபரம் கேட்க, விண்ணப்பம் எழுதிப் பழகியவர் ஒருவரும் தேவை.

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது உள்பெட்டிக்கு வாருங்கள்.